ஒரு சொட்டின் கணக்கு: கண் வார்டில் செவிலியர் செய்யும் வேலை

கண் மருந்துப் பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கீழிமையை மெல்ல இழுத்துப் பிடித்தால் உண்டாகும் சிறு குழியில் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் தங்கினாலே பெரிது. ஆக, முதல் சொட்டிலேயே குழி நிரம்பி வழிந்துவிடுகிறது. "நல்லா உள்ளே போகட்டும் சிஸ்டர், இன்னும் ரெண்டு விடுங்க" என்று நோயாளி கேட்டாலும், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் ஓடும். கன்னத்தில் ஓடுவதைவிட மோசம், உள்மூலையில் இருக்கும் கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலப்பது. கண் அழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு அப்படி இறங்கி ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலை வரவழைத்ததும் உண்டு, நாடித் துடிப்பைக் குறைத்ததும் உண்டு.

ஆகவே சொட்டு விடுவதைச் சில்லறை வேலையாக நினைத்துவிடக் கூடாது. கண் நோயில் அறுவையும் ஊசியும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. மருத்துவர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறார். மற்ற நேரமெல்லாம் பார்வையைக் காப்பது சொட்டு மருந்தும், அதை விடும் கையும்தான். முதலில் அது செவிலியரின் கை. வீட்டுக்குப் போன பிறகு நோயாளியின் கை, மருமகளின் கை, பேரனின் கை. அந்தக் கைகளைப் பழக்கிவிடுவதையும் சேர்த்துத்தான் கண் செவிலியம் என்று சொல்ல வேண்டும்.

முறை எளிதுதான். கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பாட்டிலில் உள்ள பெயரையும், எந்தக் கண் என்பதையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். பாட்டில் நுனி இமையிலோ இமைமுடியிலோ படக் கூடாது. பட்டால் அடுத்த ஒரு மாதத்துக்கும் அந்தப் பாட்டில் கிருமி வளர்க்கும். விட்டதும் கண்ணை இறுக்கி மூடாமல் சும்மா மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். களிம்பு இருந்தால் அது கடைசியில்தான், முதலில் போட்டால் சொட்டு உள்ளே இறங்காது. அறுவைக்குப் பின் தரும் பிரெட்னிசலோன், பூஞ்சைப் புண்ணுக்குத் தரும் நேட்டமைசின் போன்ற சில மருந்துகள் பாட்டிலின் அடியில் படிந்துவிடும். அவற்றைக் குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்து, ஒரு மாதத்தில் தூக்கி எறிய வேண்டும்.

இத்தனையையும் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா பாட்டி?" என்று கேட்டால் எல்லாப் பாட்டியும் தலையை ஆட்டுவார். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. "எங்கே, எனக்கு ஒரு தடவை விட்டுக் காட்டுங்க" என்று பாட்டிலைக் கையில் கொடுத்தால்தான் கதை தெரியும். கை நடுங்கும். சொட்டு நெற்றியில் விழும். அப்போதே கூட வந்தவரைக் கூப்பிட்டுப் பழக்க வேண்டும், அல்லது படுத்த வாக்கில், மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டை விட்டு மெல்லத் திறக்கும் வழியைக் காட்டித் தர வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். நெரிசலான வார்டில் பத்து நிமிடம் பெரிய செலவு என்பது தெரியும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சொட்டுக்கு முன்னால் வருவது அளவு. எந்தக் கண் நோயாளி வந்தாலும் முதலில் பார்வையை அளந்து எழுத வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. ஆறு மீட்டர் தொலைவில் பலகை. தமிழ் எழுத்துப் பலகையும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திசை காட்டும் பலகையும் உண்டு. மேல் வரிசையே தெரியாவிட்டால் விரலை எண்ணச் சொல்ல வேண்டும், அதுவும் முடியாவிட்டால் கை அசைவு, அதுவும் தெரியாவிட்டால் டார்ச் வெளிச்சம். மறு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள், வேண்டுமென்று இல்லை, இயல்பாகவே. இந்த ஒரு எண் சரியாக எழுதப்பட்டிருந்தால்தான் அறுவைக்குப் பிறகு பார்வை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும்.

கண்புரையில்தான் நம் நாட்டின் கூட்டம் இருக்கிறது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்று தெரிந்தது. மருந்தால் கரையாது, அறுவை ஒன்றுதான் வழி. 1976-இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கக் கண்ட வழி செவிலியத்தோடு தொடர்புடையது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு கண் பராமரிப்பில் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொருவர் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். அவரைத் தயார் செய்து படுக்க வைத்திருப்பவர்கள் அந்தப் பெண்கள்தான். உலகம் வியந்து படித்த அந்த முறையில் அறுவை வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அந்தப் பெண்களின் கைத்திறமையைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

தயார் செய்வது என்றால் என்ன? சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்கென்று சில கேள்விகள் தனியாக உண்டு. "சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடறீங்களா அய்யா?" என்று கேட்பது எதற்கென்று பெரியவருக்கு விளங்காது. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் கருமணிச் சுற்றுத் திரையைத் தளர்த்திவிடும், அறுவையின்போது அது அலையும். முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் ஆயத்தமாக இருப்பார். இருமல் இருக்கிறதா, மல்லாந்து அரை மணி நேரம் படுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். அறுவையில் கண் திறந்திருக்கும்போது ஒரு இருமல் வந்தாலும் ஆபத்து. கண்ணீர்ப் பையை அழுத்தியும் நீர் செலுத்தியும் பார்க்க வேண்டும். அங்கே சீழ் இருந்தால் அறுவை தள்ளிப்போகும். எந்தக் கண் என்பதை நெற்றியில் குறித்துவிட்டு, ஏட்டோடும் நோயாளியின் வாய்ச்சொல்லோடும் ஒப்பிட வேண்டும். கருமணி விரிவதற்கான சொட்டுகள் நேரம் தவறாமல் விழ வேண்டும். அரங்கில் 5 சதவீதப் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைக் கண்ணுக்குள் விடுவதுதான் உள்கண் தொற்றைத் தடுப்பதில் முதல் காவல்.

அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வருகிறார் ஒரு தாத்தா. அந்த ராத்திரி அவர் விழுந்துவிடாமல் இருப்பது செவிலியரின் பொறுப்பு. மறு கண்ணிலும் புரை இருக்கும். புது இடம், கழிவறை எங்கே என்று தெரியாது, எழுப்பிக் கேட்கக் கூச்சம். கட்டு போடாத பக்கமாகப் போய், தொடுவதற்கு முன்னால் பெயர் சொல்லிப் பேச வேண்டும். மணியைக் கையில் கொடுத்து ஒரு முறை அடிக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் செம்பு எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். சில முதியவர்கள் கண்கட்டோடு இரவில் குழம்பிப்போய்க் கட்டைப் பிய்ப்பார்கள். அப்போது அதட்டலைவிடப் பழகிய குரல்தான் உதவும், மகளோ மகனோ பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை பலருக்கும் மனப்பாடம்: தேய்க்காதே, தலைக்குக் குளிக்காதே, குனிந்து கனம் தூக்காதே, தூங்கும்போது கண்ணுக்கு மேல் காப்பு மூடி போட்டுக்கொள், சொட்டு மருந்தைப் பல மருத்துவமனைகளில் எழுதித் தருவதுபோல் முதல் வாரம் நாளுக்கு ஆறு முறையில் தொடங்கி ஒவ்வொரு வாரமும் நாளுக்கு ஒரு முறை குறைத்துக்கொண்டே வா. இதைவிட முக்கியமான ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அமுங்கிப்போய்விடுகிறது. லேசான உறுத்தலும் நீர் வடிதலும் சில நாள் இருக்கும், பயமில்லை. ஆனால் வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு ஏறினால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால், அன்றைக்கே வர வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனைக்குச் சீட்டு இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. உள்கண் தொற்று பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும். இதைத் தனியாக, கடைசியில், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கருவிழிப் புண்ணைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செவிலியரின் உழைப்பு பார்வையாக மாறுவது வேறெங்கும் இவ்வளவு நேரடியாக இல்லை. நெல் அறுக்கையில் தாள் குத்தும். கரும்புத் தோகை கீறும். அடிக்கிற களத்தில் உமி தெறிக்கும். கருவிழியின் மேல்தோல் உரிந்த அந்த இடத்தில் பூஞ்சை வேர்விடும். தென்னிந்தியக் கிராமங்களில் கருவிழிப் புண்ணுக்குப் பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் பெருங்காரணம். அங்கிருந்து கதை வீட்டு வைத்தியத்துக்குப் போகும்: நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய், இலைச்சாறு. அதற்கடுத்து மருந்துக்கடை. "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு கிடைத்துவிடும். இரண்டு நாள் சிவப்பு குறையும், வலி குறையும். உள்ளே பூஞ்சைக்கு அது விருந்து. மருத்துவமனைக்கு வரும்போது கருவிழி வெள்ளையாக வெந்து போயிருக்கும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். அதைத்தான் ஊரில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்கிறார்கள். அழகான சொல், கொடுமையான பொருள்.

இங்கே வைத்தியம் நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, விலை கூடிய வோரிகோனசோலைவிட இதுவே பூஞ்சைப் புண்ணில், குறிப்பாகப் பியூசேரியத்தில், நல்ல பலன் தருவதாகக் காட்டியது. ஆனால் பலன் தருவது மணிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில். தொடக்க நாட்களில் ராத்திரியும் அப்படித்தான். இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டும், மூன்று மணிக்கும் எழுப்ப வேண்டும். பாக்டீரியாப் புண்ணுக்கு இரண்டு வகைச் சொட்டு என்றால் இடைவெளிக் கணக்கும் சேரும். தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிட்டால் அந்தப் பாவம் காலையில் கருவிழி ஓட்டையாக நிற்கும். ஒரே ராத்திரியில் பத்துப் பேருக்கு இப்படிச் சொட்டு விடும் செவிலியர், ஒவ்வொருவருக்கும் இடையில் கை கழுவ வேண்டும். ஒருவர் பாட்டில் இன்னொருவருக்குப் போகக் கூடாது. நல்ல கண்ணுக்கு முதலில், புண் கண்ணுக்குப் பிறகு. பஞ்சால் துடைத்தால் உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. புண் கண்ணைப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக் கூடாது, கதகதப்பில் கிருமி செழிக்கும். காற்றுப் போகும் மூடியோ கறுப்புக் கண்ணாடியோ போதும்.

இந்தப் புண்காரர் பெரும்பாலும் கூலிக்காரர். மூன்று வாரம் வேலைக்குப் போக முடியாது. வலி தாங்க முடியாமல் அழுவார், அதைவிட அடமானம் வைத்ததை நினைத்து அழுவார். உட்கார்ந்து ஐந்து நிமிடம் அதைக் கேட்பதும் மருந்தோடு சேர்ந்ததுதான். கேட்காவிட்டால் நான்காம் நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

கண் அழுத்த நோய் இதற்கு நேர்மாறு. வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். அது கூடியோ, சிலருக்குக் கூடாமலோ, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. போனது திரும்பாது. சொட்டு போடுவதால் பார்வை கூடப்போவதும் இல்லை, இருப்பது நிற்கும், அவ்வளவே. "போட்டும் ஒண்ணும் தெளியலையே" என்று மூன்றாம் மாதம் நிறுத்துகிறவர்கள் இதைச் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். முதல் நாளே இந்த உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு ஒப்பிட்டால் சட்டென்று பிடிபடும். பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது. பரிசோதனைக்கு வரும் நாளில் சொட்டு போடாமல் வருவது இன்னொரு தவறான பழக்கம். வழக்கம்போல் போட்டுக்கொண்டு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று அளவில் தெரியும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும், ரத்த உறவில் வரும் நோய் இது.

இதிலேயே திடீரென்று வரும் வகை ஒன்று உண்டு. ராத்திரியில் தாங்க முடியாத தலைவலி, குமட்டல், வாந்தி. நோயாளி கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார், அதனால் ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ அவசரப் பிரிவில் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு கண் மட்டும் சிவந்து, கருவிழி புகைபடிந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்றால் அங்கே நிற்கும் செவிலியர் குரல் கொடுக்க வேண்டும். கண் அழுத்தத்தை இறக்க நரம்பு வழியாக மானிட்டால் சொட்டுநீர் ஏற்றும்போது இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் உண்டா என்று பார்த்து, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் கவனிக்க வேண்டும். அதே அழுத்தத்துக்கான அசிட்டசோலமைடு மாத்திரை போட்டவருக்கு விரல் நுனி மரமரக்கும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்.

சர்க்கரை நோயாளியின் விழித்திரையும் சத்தமில்லாமல் கெடும். பார்வை நன்றாகத் தெரிகிறபோதே ஆண்டுக்கு ஒரு முறை கருமணியை விரித்துப் பார்க்க வேண்டும். விரித்தபின் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. இதை முன்பே சொல்லாததால் தனியாக பைக்கில் வந்தவர் "இன்னொரு நாள் பார்த்துக்கறேன்" என்று போய்விடுகிறார். அந்த இன்னொரு நாள் பல பேருக்கு வருவதில்லை.

மெட்ராஸ் ஐ பற்றி இரண்டு வரி போதும். பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். பெரும்பாலும் அடினோ வைரஸ். உலர்ந்த மேசையிலும் துண்டிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். வார்டில் அதைப் பரப்புவது கழுவாத கையும் பொதுப் பாட்டிலும்.

நிமிடக் கணக்கில் ஓட வேண்டியது சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது பீய்ச்சி அடிக்கும். காரம் அமிலத்தைவிடக் கெட்டது, திசுவைக் கரைத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வீட்டிலேயே, அந்த நொடியே, குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவத் தொடங்க வேண்டும். மருத்துவமனையில் பெயர்ப் பதிவுக்கு முன்னால் சலைன் ஓட வேண்டும், குறைந்தது அரை மணி நேரம். மேலிமையைப் புரட்டி அங்கே ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்கை ஈரப் பஞ்சுக்குச்சியால் எடுக்காவிட்டால் எவ்வளவு கழுவியும் பயனில்லை. லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்த்துக் காரம் போய்விட்டது என்று தெரியும்வரை நிறுத்தக் கூடாது. கம்பியோ கண்ணாடியோ குத்திய கண்ணுக்கு நேர் எதிர்: கழுவாதே, பிடுங்காதே, அழுத்தாதே. காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி, வாய்வழி எதுவும் தராமல் அனுப்பு.

கண் வார்டுக்கு வெளியே இருக்கும் செவிலியர் கையிலும் கண்கள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் கிடப்பவரின் இமை முழுதாக மூடாது. அந்த இடுக்கில் கருவிழி காய்ந்து புண்ணாகும். உயிர் பிழைத்தவர் பார்வை இழந்து வீடு போவது எவ்வளவு பெரிய அநியாயம்! சில மணிக்கு ஒரு முறை களிம்பு, இமையை மூடி மேலே ஒரு மெல்லிய பாலித்தீன் உறை, இவை போதும். தொண்டையில் சளி உறிஞ்சும் குழாயை முகத்துக்கு மேலாக எடுத்துப் போகாமல் பக்கவாட்டில் எடுக்க வேண்டும், சளி கண்ணில் சொட்டும். குறைமாதக் குழந்தை வார்டில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று ஏட்டில் குறிப்பதும், ஆக்சிஜன் அளவு தேவைக்கு மேல் ஏறாமல் பார்ப்பதும் அங்குள்ள செவிலியர்தான். அந்த ஒரு பரிசோதனை தவறினால் குழந்தை வாழ்நாள் முழுதும் இருட்டில் இருக்க நேரலாம்.

எல்லாம் செய்தும் பார்வை திரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களை வார்டில் நடத்தும்போது முதுகில் கைவைத்துத் தள்ளக் கூடாது. நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அரை அடி முன்னால் நடந்தால், படி வருவது நம் உடம்பின் ஏற்ற இறக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அறையை விட்டுப் போகும்போது "போயிட்டு வரேன் அய்யா" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் தட்டைக் கடிகாரமாக நினைத்து, சோறு ஆறு மணியில், காய் பன்னிரண்டு மணியில் என்று சொல்லச் சொல்லியிருக்கும். நம் ஊர்ப் பெரியவருக்கு அது தேவைப்படவில்லை. "இலையில பரிமாறுற மாதிரியே வெச்சிருக்கேன், இலை நுனி உங்க இடது கைப் பக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உப்பும் ஊறுகாயும் எங்கே, பொரியல் எங்கே, சோறு எங்கே என்று அவர் கைக்கு ஐம்பது ஆண்டாகத் தெரியும்.